இருபதடி தள்ளி நிற்கவும்

ஒரு காட்டில் ஒரு செல்போன் டவர் இருந்தது. சிங்கம் எங்கே என்று ஆரம்பத்திலேயே கேட்டு என்னை நோகடிக்காதீர்கள். அந்தக் காட்டில் சிங்கம் கிடையாது, டவர்தான் இருந்தது. டவர் இருந்தால் சிக்னல் இருக்கும். சிக்னல் இருந்தால் குரூப் இருக்கும். குரூப் இருந்தால் தினமும் விடிந்ததும் விடியாததுமாக ஒரு ரோஜாப்பூப் படத்தைப் போட்டு 'இனிய காலை வணக்கம்' சொல்கிற ஜீவன் ஒன்றும் கட்டாயம் இருக்கும்.

குரூப்பின் பெயர் 'கானகக் கலகலப்பு'. அதன் அட்மின் மங்களவல்லி என்கிற இருவாட்சிப் பறவை. இருவாட்சிகளின் குடும்ப வழக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, சொல்லிவிடுகிறேன். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகை நீட்ட ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். புருஷன்காரன் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். குஞ்சு பொரித்து வளரும்வரை அம்மாள் வெளியே தலைகாட்டுவதில்லை. மாசக்கணக்கில் ஒரு பொந்து, ஒரு கீறல், ஒரு செல்போன். வேறு என்னதான் செய்வாள், பாவம்! குரூப்பில் வினாடி வினா நடத்தினாள்.

மங்களவல்லி பொந்துக்குள் போனால் சீசன் ஆரம்பம், வெளியே வந்தால் சீசன் முடிவு. தினமும் சாயங்காலம் ஒரு கேள்வி. சரியான பதிலை முதலில் போடுகிறவருக்கு ஒரு புள்ளி. இன்றைக்கு ஜெயித்தவர்தான் நாளைக்குக் கேள்வி கேட்க வேண்டும். அதற்கான பதிலை மட்டும் அட்மினுக்கு முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். சீசனின் கடைசிக் கேள்வியை அட்மினே கேட்பாள். அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் 'காட்டு மேதை' பட்டம். அடுத்த சீசன்வரைக்கும் அவர் முகம்தான் குரூப்பின் முகப்புப் படம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு விதி: அட்மின் தீர்ப்பே இறுதி.

பொந்துக்குள் அடைந்து கிடப்பவளுக்கு உலக ஞானம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பாதி ஃபார்வர்டில் வந்தது, மீதியைப் புருஷன் பழத்தோடு சேர்த்து ஊட்டினான். கீறல் வழியாக அவள் பார்த்த காடு ஒரு கிளையும் கொஞ்சம் வானமும்தான். ஆனால் தீர்ப்புச் சொல்லும்போது அம்மாளுக்கு இம்மியளவு சந்தேகம் வந்ததில்லை.

அந்தக் குரூப்பில் தணிகாசலம் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தார். 'இருந்தது' என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவர் விஷயம் தெரிந்தவர், கோபித்துக்கொள்வார்.

தணிகாசலத்துக்கு நேரில் பழக்கம் என்று சொல்லிக்கொள்ள ஒருத்தரும் இல்லை. கல்யாணத்துக்கு "அண்ணன் கட்டாயம் வரணும்" என்று கூப்பிடுவார்கள். போனால் கடைசி வரிசையில் தனியாக இடம் போட்டிருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேசிக்கொண்டே மெதுவாக நகர்ந்து நகர்ந்து அடுத்த பந்திக்கே போய்விடுவார்கள். பிறந்ததிலிருந்து அவர் தோளில் யாரும் கைபோட்டதில்லை. குரூப்பில் மட்டும்தான் அவருடைய முள் யாரையும் குத்தவில்லை. சாயங்காலம் கேள்வி விழுந்ததும் "தணிகாசலம் அண்ணன் எங்கே?", "அண்ணன் வந்துட்டாரா?" என்று நாலு பேர் விசாரிப்பார்கள். அந்த விசாரிப்புக்காகவே மனிதர், மன்னிக்கவும், முள்ளம்பன்றி, பகல் முழுக்கக் காத்துக் கிடந்தார்.

போன சீசனில் ஒரே ஒரு புள்ளியில் பட்டம் கைநழுவிப் போயிற்று. தட்டிக்கொண்டு போனவள் மரகதம் என்கிற முயல். மரகதத்துக்கு விஷயம் ஒன்றும் தெரியாது, விரல் வேகம் மட்டும் உண்டு. வாய்க்கு வந்த பதிலையெல்லாம் வரிசையாகப் போட்டுத் தள்ளுவாள், அதில் ஒன்று சரியாகிவிடும். அவள் முகத்தை ஒரு வருஷம் முகப்புப் படமாகப் பார்த்துப் பார்த்துத் தணிகாசலத்துக்கு வயிறு எரிந்து போயிற்று. இந்தத் தடவை பட்டத்தை விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

கடைசி நாள் வந்தது. இரண்டு பேரும் சம புள்ளி. காடே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மங்களவல்லி கேள்வியைப் போட்டாள்.

'முள்ளம்பன்றி தன் முள்ளை எத்தனை அடி தூரம் எறியும்?'

தணிகாசலத்துக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கேள்வியே தப்பு! 'எறியாது' என்று தட்டினார். அதற்குள் மரகதம் 'அஞ்சு', 'ஏழு', 'பத்து' என்று மூன்று போட்டிருந்தாள்.

"மரகதம் சரி. பத்தடி. வாழ்த்துகள்" என்றாள் மங்களவல்லி.

"அம்மா, முள்ளம்பன்றி முள்ளை எறியவே எறியாதும்மா" என்று தணிகாசலம் எழுதினார்.

"எறியும். எனக்கு வந்திருக்கு."

"நான் முள்ளம்பன்றிம்மா!"

"இருந்துட்டுப் போங்க. யார் வேண்டாம்னா?"

"என் உடம்புல இருக்கிற முள்ளைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"அண்ணா, நான் உங்க சொந்த அனுபவத்தைக் கேட்கலை. பொது அறிவு கேட்டேன்."

சடையன் என்கிற குரங்கு விழுந்து விழுந்து சிரிக்கிற படங்களாகப் போட ஆரம்பித்தான். அவனுக்கு வேறு வேலை இல்லை. தணிகாசலத்துக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. வீடியோவை ஆன் செய்து எல்லாரையும் கூப்பிட்டார். "எல்லாரும் பாருங்க. ஒரு முள்ளாவது பறக்குதான்னு கண்ணால பாருங்க" என்று சொல்லி, திரும்பி நின்று உடம்பைச் சிலிர்த்து உதறு உதறு என்று உதறினார். சலசலவென்று சத்தம்தான் வந்தது. ஒரே ஒரு பழைய முள் உதிர்ந்து காலடியில் விழுந்தது.

"பார்த்தீங்களா? கிட்ட வந்து மோதினா குத்தும், அவ்வளவுதான். எறியறதெல்லாம் சுத்தக் கதை!"

காடே பார்த்துவிட்டது. மங்களவல்லிக்கு மூக்குடைபட்ட மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அட்மின் அட்மின்தான். "சரி, ஆளுக்கு ஒரு புள்ளி. மறுபடியும் சமம்" என்றாள். "இப்ப ஒரே ஒரு கூடுதல் கேள்வி. முள்ளம்பன்றி உடம்பில் முள் இல்லாத இடம் எது?"

மரகதம் 'வால்', 'முதுகு' என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே தணிகாசலத்தின் பதில் வந்து விழுந்தது. "மூஞ்சி, தொண்டை, அடிவயிறு. பின்னால வந்தா ஆபத்து. முன்பக்கமா வந்து மூஞ்சியில ஒரே அறை விட்டா ஆள் காலி."

விளக்கம் யாரும் கேட்கவில்லை. அவராகவே கொடுத்தார். விஷயம் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு.

பட்டம் தணிகாசலத்துக்கு! அவர் முகம் முகப்புப் படத்தில் ஏறியது. வாழ்த்துகள் கொட்டின. மனசு நிறைந்து அவர் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்துக்கொண்டிருந்தபோது தனியாக ஒரு செய்தி வந்தது. அனுப்பியது ஒரு பெயரில்லாத எண், முகப்பில் ரோஜாப்பூ. அதேதான், தினமும் காலை வணக்கம் போடுகிற எண். மூன்று சீசனாக ரோஜாப்பூவைத் தவிர ஒரு வார்த்தை எழுதியதில்லை. யாரோ வயசான மைனா, தட்டத் தெரியாது போலிருக்கிறது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"அண்ணா வணக்கம். மூணு சீசனா உங்க பதில்களைப் படிக்கிறேன். இன்னிக்கு நீங்க சொன்னது என் வாழ்க்கையையே மாத்திடுச்சு. நேர்ல வந்து பார்க்கணும். லொக்கேஷன் அனுப்ப முடியுமா?"

நேரில் பார்க்கணும்! தணிகாசலத்துக்குக் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருஷத்தில் அவரைத் தேடி ஒரு ஈ காக்கை வந்ததில்லை. லொக்கேஷன் அனுப்பினார். அதோடு விட்டாரா? "ஆத்துக்குப் போற பாதையில பெரிய கரையான் புத்து வரும், அதுக்குப் பின்னாடிதான் வளை. தொந்தரவு பண்ண அக்கம்பக்கத்துல யாருமே கிடையாது, தைரியமா வரலாம்" என்று அடையாளமும் எழுதினார்.

மறுநாள் வளையைப் பெருக்கினார். பல் தேயக் கடிப்பதற்காக வாசலில் சேர்த்துவைத்திருந்த பழைய எலும்புகளை ஓரமாக அடுக்கினார். இலையில் நல்ல கிழங்காக நாலு எடுத்துவைத்தார். வருகிற விருந்தாளியைக் குத்திவிடக் கூடாதே என்று முள்ளையெல்லாம் படியப் படிய வாரிவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மைனா எந்தப் பக்கமிருந்து பறந்து வருமோ என்று அண்ணாந்து பார்த்தார்.

விருந்தாளி நடந்து வந்தான். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், நீளமான வால். கழுத்தில் தொங்கிய போனில் ரோஜாப்பூ.

"அண்ணா, நான்தான். பேரு புகழேந்தி" என்றது சிறுத்தை.

"நீங்க... மைனா இல்லையா தம்பி?"

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. நானும் திருத்தலை" என்று சொல்லிக்கொண்டே புகழேந்தி நடந்து வந்து, தணிகாசலத்துக்கும் வளைக்கும் நடுவில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொண்டான். இனிமேல் உள்ளே ஓட வழியில்லை.

"எங்கம்மா சின்னதுலேர்ந்து சொல்லுவாங்கண்ணா, முள்ளம்பன்றிகிட்ட மட்டும் போகாதே, பத்தடிக்கு முள்ளை எறியும்னு. தண்ணி குடிக்க இந்த வழியாத்தான் போவேன். உங்க வாசனை வரும், நாக்குல எச்சில் ஊறும். பயந்துபோய் அந்த மேட்டைச் சுத்திக்கிட்டுப் போவேன். நேத்து உங்க வீடியோ பார்த்தேன் பாருங்க, அப்பத்தான் எத்தனை வருஷம் வீணாப் போச்சுன்னு புரிஞ்சுது."

"அது வந்து தம்பி..."

"முன்பக்கமா வந்து மூஞ்சியில ஒரே அறைன்னு அதையும் சொல்லிட்டீங்க. எவ்வளவு தெளிவா விளக்குறீங்கண்ணா! நீங்க வாத்தியாராப் போயிருக்கணும்."

தணிகாசலம் முள்ளைச் சிலிர்க்கப் பார்த்தார். காலையிலிருந்து வாரிவிட்ட முள், பயத்தில் எழும்பவே இல்லை. எழும்பினாலும் என்ன, மூஞ்சி சிறுத்தையின் பக்கம் இருந்தது. திரும்பினால் பாய்ந்துவிடுவான். முள்ளால் ஆகிற காரியமில்லை, வாயால்தான் ஏதாவது செய்தாக வேண்டும்.

"தம்பி, குரூப்ல வர்றதை அப்படியே நம்பிடுவீங்களா?"

"அதை நம்பாம வேற எதை நம்புறது?" என்று புகழேந்தி உண்மையாகவே ஆச்சரியப்பட்டான்.

"அப்ப ஒரு நிமிஷம் பொறுங்க. அந்தப் பதில்ல ஒரு சின்னத் திருத்தம் போட வேண்டியிருக்கு."

"தீர்ப்பு மாறுதா?" புகழேந்தியின் காது இரண்டும் நிமிர்ந்தன. எவ்வளவு பசி இருந்தாலும் அவன் மூன்று சீசனாக ஒரு கேள்வி விடாமல் படித்தவன். திருத்தம் வருகிறது என்றால் பார்க்காமல் சாப்பிட மாட்டான். போனைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டான்.

தணிகாசலம் எழுதினார். "அட்மின் அம்மாவுக்கு வணக்கம். நேற்று நான் சொன்னது தவறு. முள் பாயும்."

மங்களவல்லி உடனே வந்தாள். நேற்று மூக்குடைபட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. "அப்ப வீடியோ?"

"முள்ளு ஈரமா இருந்துச்சும்மா. ஈரமா இருந்தா பாயாது."

"மழையே பெய்யலையே!" என்று சடையன் குறுக்கே வந்தான். நான் சொன்னேனே, அவனுக்கு வேறு வேலை இல்லை.

"குளிச்சிருந்தேன்" என்று எழுதினார் தணிகாசலம்.

மங்களவல்லி அவ்வளவு சுலபத்தில் விடுவாளா? "குரூப் முன்னாடி என்னை அவமானப்படுத்திட்டு இப்ப உங்களுக்கே தெரியலைங்கறீங்க. பட்டம் வேண்டாம்னு எழுதுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, அம்மாவுக்குத்தான் தெரியும்னும் எழுதுங்க. அப்புறம் தீர்ப்பு சொல்றேன்."

நம்புவீர்களோ மாட்டீர்களோ, எதிரே சிறுத்தை உட்கார்ந்திருந்த அந்த நேரத்திலும் தணிகாசலம் யோசித்தார். பட்டம் போனால் போகட்டும். ஆனால் 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்று எழுதுவதா? எல்லாருக்கும் முன்னால்? அடுத்த சீசனில் கேள்வி விழும்போது "அண்ணன் எங்கே?" என்று இனி யார் கேட்பார்கள்? 'எனக்கு' என்று தட்டினார். அழித்தார். மறுபடி 'எனக்கு' என்று தட்டினார்.

"சீக்கிரம்ணா, வயிறு கிள்ளுது" என்றான் புகழேந்தி. அவன் மூச்சு அவர் மூக்கில் சூடாகப் பட்டது.

'எனக்கு ஒண்ணும் தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும். பட்டம் வேண்டாம்.' கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

'மங்களவல்லி டைப் செய்கிறார்' என்று வந்தது. போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போய்விட்டது. அந்த நேரம் பார்த்துப் புருஷன்காரன் அத்திப்பழத்தோடு கீறலுக்கு வந்திருந்தான். அம்மாள் சாவகாசமாகப் பழத்தை முடித்தாள். இங்கே தணிகாசலத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசியில் தீர்ப்பு விழுந்தது.

"பத்தடி என்று சொன்னதும் தவறு. நன்றாக விசாரித்ததில் இருபதடி. காய்ந்திருந்தால் கண்ணுக்குக் குறிவைத்துப் பாயும். அட்மின் தீர்ப்பே இறுதி."

புகழேந்தி படித்தான். ஒரு தடவை தணிகாசலத்தின் முள்ளை உற்றுப் பார்த்தான்.

"அண்ணா, இன்னிக்குக் குளிச்சீங்களா?"

"இல்ல தம்பி" என்றார் தணிகாசலம்.

அடுத்த விநாடி சிறுத்தை ஒரே தாவாகத் தாவி, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தான். அங்கிருந்தே கத்தினான். "சாரிண்ணா! தப்பா நினைச்சுக்காதீங்க! கண்ணைப் பொத்திக்கிட்டேன், எறிஞ்சிடாதீங்க!"

பட்டம் மரகதத்துக்குப் போயிற்று. அவள் முகம் மறுபடியும் முகப்புப் படத்தில் ஏறியது. ஆனால் மரகதம் நீங்கள் நினைக்கிற மாதிரி அசடு இல்லை. நடந்ததையெல்லாம் புதருக்குள்ளிருந்து பார்த்திருந்தாள். அடுத்த சீசனில் முதல் கேள்வி அவளுடையது: 'முயல் கடித்தால் எத்தனை நிமிடத்தில் விஷம் தலைக்கேறும்?' மங்களவல்லி பதிலைப் படித்துப் பார்த்து, எங்கேயோ வந்திருக்கிறதே என்று ஒப்புதல் கொடுத்துவிட்டாள்.

அதற்கு மறுநாள் ஜெயித்தது மான். 'மான் கொம்பில் பாயும் மின்சாரம் எவ்வளவு?' என்று அது கேட்டது. காட்டுப்பன்றி தன் ரத்தம் அமிலம் என்றது. சடையனுக்கும் ஒருநாள் வேலை வந்தது. குரங்குக் கறி தின்றவர்களுக்கு எத்தனை நாளில் வால் உதிரும் என்று கேள்வி கேட்டான். காடு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

ஒருத்தன் மட்டும் சிரிக்கவில்லை. புகழேந்தி ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்தான். உயிர்ப்பயத்தில் படிக்கிறவனுக்கு மறதி வருமா? அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி மறுபடி வந்தபோது, விழுந்த மாத்திரத்தில் பதில் போட்டான். சீசன் முடிவில் 'காட்டு மேதை' பட்டம் அவனுக்கே. கன்னம் ஒட்டி, விலா எலும்பு தெரிகிற அவன் முகம் முகப்புப் படத்தில் ஏறியது. இப்போதெல்லாம் ஆற்றங்கரையில் நண்டு பிடித்துத் தின்கிறான். நண்டுகள் இன்னும் குரூப்பில் சேரவில்லை.

பொந்தை உடைத்துக்கொண்டு மங்களவல்லி வெளியே வந்தாள். குஞ்சுக்குக் காட்டைச் சுற்றிக்காட்டியபடி கரையான் புற்றுக்கு மேலே பறந்தவள், கீழே தணிகாசலத்தைப் பார்த்ததும் படபடவென்று இறக்கையடித்து உயரே ஏறிவிட்டாள்.

தணிகாசலத்துக்கு இப்போது ஒரு சிநேகிதன் உண்டு. சாயங்காலம் ஆனால் புகழேந்தி வந்து இருபதடி தள்ளி உட்கார்ந்துகொள்வான். இவர் ஒரு கிழங்கை உருட்டிவிடுவார், அவன் முகம் சுளித்துக்கொண்டே தின்பான். கல்யாண வீட்டில் அவருக்குக் கிடைத்த இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் இவன் நகர்ந்து நகர்ந்து போவதில்லை, அதே இடத்தில் இருப்பான்.

ஒருநாள் அங்கே உட்கார்ந்தபடியே தனியாக ஒரு செய்தி அனுப்பினான். "அண்ணா, நமக்குள்ள இருக்கட்டும். மெய்யாவே முள்ளு பாயுமா?"

தணிகாசலத்துக்கு விரல் துறுதுறுவென்றது. சரியான பதில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது எவ்வளவு பெரிய சித்திரவதை என்று அவரைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். 'பாயாது' என்று தட்டிவிட்டார். அனுப்பவில்லை. நிமிர்ந்து பார்த்தார். புகழேந்தி போனையே பார்த்துக்கொண்டிருந்தான், அவன் நாக்கு ஒரு தடவை உதட்டை நக்கிக்கொண்டது. தணிகாசலம் அந்த வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார்.

"அட்மின் தீர்ப்பே இறுதி, தம்பி" என்று எழுதினார்.

பதிலுக்கு ஒரு ரோஜாப்பூ வந்தது.

நீதி: சரியான பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். சிறுத்தைக்கும் தெரிந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.